கரையில் வாங்கிய விசா

ஏலத்தோட்டத்தில் லீவு என்பது சாவுக்கு மட்டும் கிடைக்கிற பண்டம். கல்யாணமா, ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள். காதுகுத்தா, பறிப்பு முடியட்டும். பிள்ளைக்குக் காய்ச்சலா, முதுகில் கட்டிக்கொண்டு வா. செத்தால்தான் மேனேஜர் தலையாட்டுவார், அதுவும் தந்தியைக் கண்ணால் பார்த்த பிறகு. அதனால் வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்கள் தங்கள் சொந்தபந்தங்களைத் தாராளமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். கம்பத்தில் இருக்கிற பங்காளிக்குச் சொல்லி அனுப்பினால் போதும், அவன் தந்தி அடித்துவிடுவான். கருத்தப்பாண்டி என்றொருவன் தன் மாமியாரை மூன்று தடவை சாகடித்தான். நான்காவது தடவைக்குள் அந்த அம்மாளே தோட்டத்துக்கு வந்து நின்று அவன் மானத்தை வாங்கிவிட்டாள். இதைப் பாவமென்று சொல்ல வருகிறவர்கள் ஒரு பறிப்புக்காலம் அங்கே குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

குருவம்மாளும் இப்படித்தான் லீவு வாங்கினாள். ஆனால் அவள் யோசனைக்காரி. உயிரோடு இருப்பவர்களைக் கொல்ல அவளுக்கு மனம் வராது. ஏற்கெனவே செத்தவர்களைத்தான் மறுபடியும் சாகடிப்பாள். அப்பனை ஒரு தடவை, அண்ணன் அழகுமலையை ஒரு தடவை. ‘செத்தவங்களுக்கு என்ன வலிக்கவா போகுது’ என்பாள்.

கம்பத்துக்குத் தெற்கே மானாவாரிக் காடு ஒன்றில் பிறந்தவள். பஞ்சத்தில் மலையேறி வந்த கூட்டத்தோடு சிறுமியாக வந்தாள். இங்கேயே வாழ்க்கைப்பட்டாள். புருஷன் நிழல்மரம் கழிக்க ஏறி, மழையில் வழுக்கி விழுந்து செத்தான். அப்போது மகள் சின்னத்தாய்க்குப் பால்பல்லே விழவில்லை. அதற்குப் பிறகு குருவம்மாளுக்கு உலகத்தில் அந்த ஒரு பிள்ளைதான்.

அண்ணன் அழகுமலை இவர்களோடு மலையேறவில்லை. வாலிபத்திலேயே கடலைத் தாண்டிக் கண்டிச்சீமைக்குப் போய், தேயிலைத் தோட்டத்தில் குடியாகிவிட்டான். அவனும் அவன் பெண்சாதியும் அங்கேயே செத்தார்கள். மகன் நல்லதம்பி மட்டும் இருந்தான், அந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்தவன். எழுபத்திரண்டில் அவன் சொந்தம் பார்க்க வந்தான். முறைமாப்பிள்ளை, நல்ல பையன், குடியில்லை. குருவம்மாள் மகளைக் கட்டிக் கொடுத்தாள்.

கட்டிக் கொடுத்த பிறகுதான் கடல் குறுக்கே இருப்பது தெரிந்தது. நல்லதம்பி முன்னால் போய்விட்டான். சின்னத்தாய்க்கு விசா மெட்ராஸில் இருக்கிற இலங்கை ஆபீஸிலிருந்து வர வேண்டும். வந்தது, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. மகளைக் கொண்டுபோய் விட்டு வரலாமென்று குருவம்மாளும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தாள். அவளுக்கு விசா வரவேயில்லை. ராமேஸ்வரம் துறையில் நின்று கப்பல் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அன்றிலிருந்து மெட்ராஸ் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும்.

எழுபத்திநாலு ஆவணியில் கடுதாசி வந்தது. சின்னத்தாய்க்கு எட்டு மாதம் என்று நல்லதம்பி எழுதியிருந்தான். முதல் கரு தங்காமல் போனதால், இது நிலைக்கட்டுமென்று சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றும், லயத்து வீடுகளில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் போய்விட்டாள் என்றும், அரிசி கிடைக்கவில்லை, கிடைக்கிற மாவும் பற்றவில்லை என்றும், சின்னத்தாய் கால் வீங்கிக் கிடக்கிறாள் என்றும் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: அயித்தை வந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்கும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். பிள்ளை வர முடியாவிட்டால் தாய்வீடு எழுந்து போக வேண்டும். குருவம்மாளுக்கு இதில் இரண்டாம் பேச்சில்லை.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை யாக்கோபிடம் போய்க் கேட்டாள். பெந்தேகொஸ்துக்காரர், பொய்ச் சாட்சி சொல்லமாட்டார். ஆனால் மற்றவர்களின் பொய்த் தந்தியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிற அளவுக்கு நல்லவர்.

“மெட்ராசுக்குப் போயி வாங்கிக்கிட்டுப் போறதுதான் ஒழுங்கு, குருவம்மா. அங்க குடுத்தா ரெண்டு மாசமாச்சும் குடுப்பான். மகளுக்குப் பிரசவத் தண்ணி ஊத்திவிட்டுட்டு நிம்மதியா வரலாம்” என்றார்.

“எப்பக் குடுப்பான் கணக்கப்பிள்ளையா? பேரன் பள்ளிக்கூடம் போகையிலயா?”

மெட்ராஸுக்குப் போக ஒரு லீவு, வாங்கி வர ஒரு லீவு, கடல் தாண்ட ஒரு லீவு. பறிப்பு உச்சத்தில் இருக்கும் புரட்டாசியில் அத்தனை லீவுக்கு அவள் ஒரு கிராமத்தையே சாகடிக்க வேண்டியிருக்கும்.

பக்கத்து லயத்து மூக்கம்மாள் வேறு வழி சொன்னாள். அவள் தம்பி ராமேஸ்வரத்தில் சுமை தூக்குகிறவன்.

“வெள்ளைக்காரப் பயலுக சடைமுடியும் மணியுமா கப்பல்ல போறானுகளே, அவனுக என்ன மெட்ராசுக்கா போறானுக? அக்கரையில எறங்கினதும் அங்கனயே முத்திரை குத்தி விடுறானாம் மதினி. நம்ம சனத்துக்கும் ஆபத்து அவசரம்னா குடுப்பானாம். நேர்ல போயி நின்னா எவன் தொரத்துவான்?”

நேரில் போய் நிற்பது. குருவம்மாளின் வாழ்க்கையே அதுதான். கேரள எல்லையில் கம்பமெட்டுச் சோதனைச்சாவடியில் அம்மை ஊசிச் சீட்டு இல்லாமல் எத்தனை தடவை நின்றிருக்கிறாள். முதலில் விரட்டுவார்கள். ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். வெயில் ஏறும், காவல்காரனுக்கு மனசு இறங்கும், ‘போ தள்ளே, வேகம் போ’ என்பான், சீக்கிரம் போ தாயே என்று மலையாளத்தில். எல்லை என்றால் இப்படித்தான் என்று அவள் நினைத்தாள். அது தரையிலிருந்தாலும் தண்ணீரிலிருந்தாலும் அங்கே நிற்பவன் மனிதன்தானே என்று நினைத்தாள். இந்த நினைப்புக்கு அவளைக் குறை சொல்வது எளிது. அந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு வேறு நினைப்பு வருவதற்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

கண்டியில் என்றோ செத்துப்போன அண்ணன் பெண்சாதியை மறுபடி சாகடித்து லீவு வாங்கினாள். பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி, பெருங்காயம், பழைய வேட்டித் துணி, மகளுக்கு உயிரான கருப்பட்டி, இவற்றை மூட்டை கட்டிக்கொண்டு கம்பத்துக்கு இறங்கினாள்.

ராமேஸ்வரத்தில் இந்தியப் பக்கத்து ஆள் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “விசா இல்லையே பாட்டி” என்றான். அவளுக்கு நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டுதான் ஆகியிருந்தது. “அங்கே வாங்கிக்குறேன்” என்றாள். “திருப்பி அனுப்பினா நான் பொறுப்பில்லை” என்று விட்டுவிட்டான்.

தலைமன்னார் துறையில் தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசை நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துத் தமிழர், நரைத்த மீசை, சத்தம் போடாத மனிதர். வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே முத்திரை வாங்கிப் போனார்கள். குருவம்மாளுக்குத் தைரியம் வந்தது. அடுத்து அவளைக் கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

“விசா இல்லையே. இஞ்சை உங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“எம் மகய்யா. ஒத்த மக. வேற ஆருமில்ல.” பெருமையாகத்தான் சொன்னாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பிறகு கூப்பிடுறன்.”

தள்ளி நின்றாள். அவளைப் போலவே விசா இல்லாமல் வந்த இன்னொருத்தி தங்கை கல்யாணம் என்றாள். அதிகாரி தலையை ஆட்டினார்.

“கலியாணம், பிள்ளைப்பேறு எண்டு எத்தினை பேர் வாறியள். அதுக்கெல்லாம் மெட்ராஸிலை விசா எடுத்துக்கொண்டு வர வேணும். செத்தவீடு எண்டால் மட்டும்தான் நான் இதிலை தரலாம். அதுவும் தாய், தேப்பன், பிள்ளை எண்டால்.”

தங்கை கல்யாணக்காரி எவ்வளவோ கெஞ்சினாள். ஓரமாக உட்கார்ந்தும் பார்த்தாள். சிப்பாய் ஒருவன் வந்து அவளைக் கைப்பிடித்துத் திரும்புகிற ஆட்கள் அடைபட்டிருந்த அறைக்குள் கொண்டுபோய் விட்டான். இது கம்பமெட்டு இல்லை என்பது குருவம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா செத்தாள் என்று சொல்லலாம். ஆனால் மகளைத் தவிர யாருமில்லை என்று வாயாலேயே சொல்லித் தொலைத்துவிட்டாளே.

“வாங்கோ அம்மா. மகள் இருக்கிறா எண்டு சொன்னனீங்கள். என்ன விசயமாப் போறியள்?”

“மக செத்துப்போச்சுய்யா” என்றாள்.

சொல்லிவிட்டு மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழவேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

“தந்தி வைச்சிருக்கிறியளோ?”

“லீவுக்குத் தோட்டத்துல வாங்கி வச்சுக்கிட்டாங்கய்யா.” அது தோட்டத்து வழக்கம். பழக்கத்தில் நாக்கு தானாகச் சொன்னது.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்லதம்பியின் விலாசத்தை வாங்கிக் குறித்துக்கொண்டார். “எட்டாம் நாள் சடங்கு வரைக்கும் நிண்டிட்டு வாங்கோ. எட்டு நாள் தாறன். நாள் பிந்தினால் உங்களை மட்டுமில்லை, இந்த மருமகனையும்தான் பிடிப்பினம். விளங்குதோ?” என்றார். பிறகு, ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டு, “அழ ஏலாமல் நிக்கிறியள். வீட்டை போய் அழுங்கோ, அம்மா” என்றார். முத்திரை விழுந்தது.

ரயிலில் குருவம்மாள் வழிநெடுகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். மகள் நூறு வயசு இருக்கட்டும் என்று கருப்பசாமிக்கு ஒரு கிடாய் நேர்ந்துகொண்டாள்.

ஹட்டனுக்கு மேலே, பாதி ஆள் காலியான லயத்தில் மகளைப் பார்த்தாள். வயிறு மட்டும்தான் இருந்தது. கையும் முகமும் காய்ந்து, பாதம் வீங்கி, உதடு வெளுத்து, “அம்மா” என்று எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குருவம்மாள் அன்றிரவு மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடிகிறவரை இருந்தாள். நல்லதம்பி எங்கெங்கோ அலைந்து கொஞ்சம் அரிசி கொண்டுவந்தான். கஞ்சி காய்ச்சிக் கருப்பட்டி போட்டுக் கொடுத்தாள். காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். மகள் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் வலி வரவில்லை. மாதக் கணக்கில் கொஞ்சம் பிசகியிருந்தது போலிருக்கிறது. வயிறு இன்னும் இறங்கவில்லை. குருவம்மாள் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நடக்கவிட்டாள். சாமியைக் கும்பிட்டாள். எந்தத் தாயாவது மகளுக்கு வலி வரட்டுமென்று வேண்டுவாளா? அவள் வேண்டினாள். போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் போக மிச்சமிருந்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

நல்லதம்பிதான் முதலில் வாய் திறந்தான்.

“அயித்தை, நாள் பத்தாதே. அரசாங்கக் கச்சேரிக்குப் போயி கேப்பம். பிரசவம்னு சொன்னா ஒரு மாசம் நீட்டிக் குடுப்பாங்க. சின்னத்தாயையும் கூட்டிக்கிட்டே போவோம், அவ வயித்தப் பார்த்தா எவன் மாட்டேன்னு சொல்லுவான்?”

குருவம்மாள் மகள் காலில் வைத்திருந்த ஒத்தடத் துணியை எடுத்துப் பிழிந்தாள். செத்துப்போனவள் என்று சொல்லி விசா வாங்கிய மகளை, நிறைவயிறும் தானுமாக, அதே அரசாங்கத்தின் மேசைக்கு முன்னால் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? பொய் சொன்னதற்கு அவளைப் பிடித்துக்கொண்டாலும் போகட்டும். விலாசம் கொடுத்த குற்றத்துக்கு நல்லதம்பியையும் பிடித்துக்கொண்டால், பிரசவத்தில் அந்தப் பிள்ளைக்கு ஆம்பிளைத் துணையும் போய்விடுமே.

“வேணாம் தம்பி” என்றாள்.

“ஏன் அயித்தை?”

“வேணாம்னா வேணாம். எனக்கு லீவு அம்புட்டுத்தான். பேரு வெட்டிப்புடுவாங்க.”

சின்னத்தாய் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மகளிடமாவது சொல்லிவிடலாமா என்று குருவம்மாள் ஆயிரம் தடவை நினைத்தாள். நிறைமாதக்காரியின் காதில், உன்னைச் செத்துப்போனாய் என்று சொல்லித்தான் வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அந்தச் சொல் அவளைத் தொட்டுவிடாதா? ஒரு தடவை சொன்னதே போதும் என்று இருந்தது அவளுக்கு.

புறப்படுகிற காலையில் மகள் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ரெண்டு நாள் இரும்மா. எனக்குப் பயமா இருக்கும்மா.”

“வந்துருவேன் தாயி. மெட்ராசுல முறையா வாங்கிக்கிட்டு ஓடி வந்துருவேன்.”

சின்னத்தாய் தலைப்பை விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். “போ. ஒனக்கு ஒன் ஏலத்தோட்டந்தேன் பெருசு” என்றாள்.

குருவம்மாள் படியிறங்கி நடந்தாள். இதைவிடக் கொடுமையான ஒரு நடையை எந்த எதிரியும் நடக்க வேண்டாம்.

துறையில் அதே அதிகாரி இருந்தார். அடையாளம் கண்டு எழுந்து நின்றார். “காரியமெல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதோ அம்மா?” என்று கேட்டார். “முடிஞ்சதுய்யா” என்றாள். சொன்ன நாளுக்குத் திரும்பியதற்கு அவர் நன்றிகூடச் சொன்னார்.

தோட்டத்துக்கு வந்ததும் மூக்கம்மாளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள், நெஞ்சு பாரம் தாங்காமல். மூக்கம்மாள் வாயில் எது தங்கியது? மறுநாளே பறிப்பில் பேச்சாகிவிட்டது. மகளைக் கொன்று கப்பலேறிய கெட்டிக்காரி என்று பெண்கள் சிரித்தார்கள். மாமியாரைச் சாகடித்த கருத்தப்பாண்டிகூட, “நம்மளயெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுருச்சு அக்கா” என்றான். குருவம்மாள் தலை நிமிராமல் காய் பறித்தாள். யாக்கோபைப் பிடித்து மெட்ராஸுக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டாள். ஒவ்வொரு தபாலுக்கும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

ஐப்பசி பிறந்து அடைமழை இன்னும் பிடிக்காத ஒரு மத்தியானம், யாக்கோபு அவளைப் பறிப்புக் காட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். கையில் தந்தி. அவர் முகத்தில் சிரிப்பு.

“என்ன குருவம்மா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாக்கும்? மகளையே போட்டுட்டியே, மேனேஜர் நம்பணுமே” என்றார்.

“நான் யாருக்கும் சொல்லிவிடலயே கணக்கப்பிள்ளையா” என்றாள் அவள்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. தந்தியைத் திருப்பிப் பார்த்தார். அது கம்பத்திலிருந்து வரவில்லை. ஹட்டனிலிருந்து வந்திருந்தது. சின்னத்தாய் பிரசவத்தில் போய்விட்டாள், பெண் குழந்தை உயிரோடு இருக்கிறது, உடனே வரவும் என்று நல்லதம்பி அடித்திருந்தான். யாக்கோபு அதைப் படித்துச் சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

குருவம்மாள் லீவு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டையும் தந்தியையும் எடுத்துக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணியோடு பஸ் ஏறினாள். மதுரையிலும் ராமேஸ்வரத்திலும் அவள் போட்ட கூப்பாட்டைப் பார்த்து முன்பின் தெரியாத சனமெல்லாம் அழுதது. புதைக்காமல் வைத்திருப்பார்கள், முகத்தையாவது பார்த்துவிடலாம், அந்தப் பச்சைப் பிள்ளையையாவது ஒரு தடவை கையில் ஏந்திவிடலாம் என்பது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது.

தலைமன்னாரில் வரிசையில் நிற்கக்கூட இல்லை. ஓடிப்போய் மேசையில் தந்தியை வைத்தாள். அந்த நரைத்த மீசைக்காரர் அதை எடுத்துப் படித்தார். பாஸ்போர்ட்டை வாங்கித் தன் கையால் போட்ட பழைய முத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எத்தினை பிள்ளையள் உங்களுக்கு?”

“ஒண்ணுதான்யா. ஒத்த மக.”

“அவ போன மாசம் செத்திட்டா எண்டு வந்தனீங்கள். நானே துக்கம் விசாரிச்சனான்.”

“அது பொய்தேன்யா, சாமி! அன்னைக்கு உசுரோட இருந்தா. பிரசவம்னு சொன்னா விடமாட்டீகன்னு பயந்து சொன்னேன். இப்பத்தேன்யா செத்துப்போனா. நெசமாத்தேன்யா. ஒங்க பிள்ளைக மேல ஆணையாச் சொல்றேன்யா.”

தரையில் விழுந்து அவர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அதிகாரிக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தாலாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவர் ஏமாந்த மனிதரின் களைப்போடு காலை விடுவித்துக்கொண்டார்.

“அண்டைக்குக் கண்ணிலை ஒரு துளி இல்லாமல் நிண்டியள். அதைத்தான் நான் நம்பினனான். இண்டைக்கு இப்பிடி அழுறியள்.” தந்தியை மடித்து அவள் கையில் வைத்தார். “செத்தவீட்டுக்கெண்டு ஒருக்காத்தான் நான் தரலாம், அம்மா. உங்கடை மகளுக்கு அதைத் தந்திட்டன்.”

சிப்பாய் வந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். திரும்பிப் போகிறவர்களின் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். மறுநாள் காலைக் கப்பலில், ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத்து ஜனங்களோடு சேர்த்து அவளையும் ஏற்றினார்கள். அதில் பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகாத ஒருத்தி, கைப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் இவளிடம் நீட்டினாள். குருவம்மாள் அக்கரை வருகிறவரை அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தாள். கரை வந்ததும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.